விருந்தினர் வருவர், வருவாய் தங்குமா?

திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிக்குச் செல்லும் சுற்றுலா வண்டிகள் நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளை ஆகிய ஊர்களை நாள்தோறும் கடந்து செல்கின்றன. கடலோரப் பாதையை விரும்புவோர் கோவளம், விழிஞ்ஞம் வழியாகக் காஞ்சிரங்குளத்தைக் கடந்து பூவாற்றை அடைகின்றனர். காலையில் கோவளம், மாலையில் குமரிமுனை என்று பயணத்திட்டம் வகுக்கப்படுகிறது. இடைப்பட்ட ஊர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு தேநீரின் விலையும், வண்டிகள் விட்டுச்செல்லும் குப்பையுமே.

இந்த நிலையை மாற்றலாம் என்ற நம்பிக்கையோடு எல்லைப்புற ஊர்களின் வாடிக்கையாளர் சிலர் வங்கிக்கு வருகின்றனர். வீட்டின் மாடியில் இரண்டு அறைகள் கட்டி விருந்தினரைத் தங்கவைக்க ஒருவர் கடன் கேட்கிறார். படகு வாங்க மற்றொருவர் கேட்கிறார். கருப்பட்டியும் கைவினைப் பொருள்களும் விற்கக் கடை வைக்க மகளிர் குழுவொன்று கேட்கிறது. இவை அனைத்தும் நல்ல எண்ணங்களே. எனினும், "எத்தனை பேர் வருவார்கள்?" என்ற வினாவுக்கு விடை வைத்திருக்கும் நம் வாடிக்கையாளர் பலரிடம், "வருகின்ற பணத்தில் எவ்வளவு ஊரில் தங்கும்?" என்ற வினாவுக்கு விடை இருப்பதில்லை. கிராமச் சுற்றுலா நிலைப்பதும் நலிவதும் இந்த இரண்டாம் வினாவைப் பொறுத்தது. அதனையே இக்கட்டுரையில் ஆராய்வோம்.

ஊரின் இருப்புக் கணக்கு

எந்தத் தொழிலையும் தொடங்குமுன் கையிருப்பைக் கணக்கிடுவது வணிகத்தின் முதற்பாடம். இவ்வட்டாரத்தின் கையிருப்பு சிறிதன்று. அகத்திய மலையில் தோன்றி 56 கிலோமீட்டர் ஓடிவரும் நெய்யாறு பூவாற்றில் கடலோடு கலக்கிறது. ஆறும் கடலும் மணல்திட்டும் சேருமிடத்தில் கண்டல் மரங்கள் நிறைந்த நீர்வழிகள் இருக்கின்றன. அதே ஆற்றங்கரையில்தான் 1888-ஆம் ஆண்டு ஸ்ரீ நாராயண குரு சிவப்பிரதிட்டை செய்த அருவிப்புறம் உள்ளது. மார்த்தாண்ட வர்மர் பகைவரிடமிருந்து ஒளிந்து உயிர் தப்பியதாகக் கூறப்படும் அம்மச்சிப்பிலாவின் நினைவை நெய்யாற்றின்கரைக் கிருஷ்ணன் கோயில் காத்துவருகிறது. புவிசார் குறியீடு பெற்ற பாலராமபுரம் கைத்தறியும் அருகிலேயே நெய்யப்படுகிறது.

1956 நவம்பர் 1-ஆம் நாள் மாநிலங்கள் திருத்தியமைக்கப்பட்டபோது விளவங்கோடு வட்டம் தமிழகத்துக்கும், நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்துக்கும் உரியவையாயின. கோடு வரைபடத்தில் விழுந்ததே தவிர, வாழ்க்கையில் முழுமையாக விழவில்லை. உறவும் சந்தையும் மொழியும் இருபுறமும் கலந்தே இருக்கின்றன. பனையேறியின் அக்கானியும், மரச்சீனியும் மீன்கறியும் இருபுறத்துக்கும் பொதுவானவை. பத்மநாபபுரம் அரண்மனை தமிழக மண்ணில் நிற்க, அதனைக் கேரள அரசு பராமரித்துவருவதும் இந்தக் கலப்புக்கு ஒரு சான்று. பூவாற்றிலிருந்து குளச்சல் பக்கமாகத் திருவிதாங்கூர் அரசு 19-ஆம் நூற்றாண்டில் வெட்டிய அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய் இன்று பல இடங்களில் தூர்ந்துகிடந்தாலும், இரு மாநிலங்களையும் இணைத்த நீர்வழியாக நினைவில் நிற்கிறது.

இருப்பு இவ்வளவு இருந்தும் வருவாய் ஏன் நிற்பதில்லை? அதற்கு நான்கு காரணங்களைக் காண்கிறோம்.

முதற் சிக்கல்: ஒழுகும் வருவாய்

ஒரு விருந்தினர் செலவிடும் ரூபாயைப் பின்தொடர்ந்து பார்ப்போம். முன்பதிவுத் தளத்துக்கோ பயண முகவருக்கோ ஒரு பகுதி செல்கிறது. காய்கறியும் கோழியும் வெளியூர்ச் சந்தையிலிருந்து வந்தால் மற்றொரு பகுதி அங்கே செல்கிறது. மேலாளரும் சமையற்காரரும் வெளியூரினர் என்றால் ஊதியமும் வெளியே போகிறது. ஊரில் எஞ்சுவது துணி வெளுப்போர், துப்புரவுப் பணியாளர் ஆகியோரின் சிறு கூலியே. பானையில் எவ்வளவு நீர் ஊற்றினாலும் அடியில் ஓட்டை இருந்தால் பயனில்லை.

இந்த ஓட்டையை அடைக்க முயன்ற ஒரு முயற்சி கேரளத்திலேயே உண்டு. கோவளம், குமரகம், தேக்கடி, வயநாடு ஆகிய 4 இடங்களில் பொறுப்புச் சுற்றுலாத் திட்டத்தைக் கேரள அரசு சோதனை முறையில் தொடங்கியது. வேம்பநாட்டுக் காயலோரத்துக் குமரகத்தில் 2008-ஆம் ஆண்டில் விடுதிகளுக்குத் தேவையான காய்கறிகளை ஊர் உழவரும் குடும்பஸ்ரீ மகளிர் குழுக்களும் விளைவித்து வழங்கத் தொடங்கினர். தொடக்கத்தில் இடர்ப்பாடுகள் மிகுதி. விடுதிக்கு நாள்தோறும் ஒரே அளவில், ஒரே தரத்தில் பொருள் வேண்டும். உழவரின் தோட்டமோ பருவத்தைப் பார்த்தே விளையும். விலையிலும் இழுபறி இருந்தது. ஊராட்சி முன்னின்று, விலையையும் தரத்தையும் முடிவுசெய்யக் குழுக்கள் அமைத்தபின்னரே ஏற்பாடு நிலைபெற்றது. ஐக்கிய நாடுகள் உலகச் சுற்றுலா அமைப்பின் 2013-ஆம் ஆண்டுக்கான யுலிசஸ் விருது இப்பணிக்காகக் கேரளத்துக்கு வழங்கப்பட்டது. 2017-இல் மாநிலம் முழுவதற்குமான பொறுப்புச் சுற்றுலா இயக்கமும் உருவானது.

அதே திட்டத்தில் அதே காலத்தில் சேர்க்கப்பட்ட கோவளத்தில் இந்த அளவு வெற்றி கிட்டவில்லை. கோவளம் காஞ்சிரங்குளத்தின் அண்டை ஊர் என்பதால் இந்த வேறுபாடு நமக்கு முக்கியமானது. கோவளத்தில் விடுதிகளும் கடைகளும் கொள்முதல் வழிகளும் முன்னரே வேரூன்றியிருந்தன. வளர்ந்துவிட்ட சந்தையில் ஊராரைப் பின்னால் நுழைப்பது கடினம் என்பதே இதில் நாம் காணும் பாடம். சந்தை வளருமுன்னரே ஊரார் அதில் இடம்பிடித்துக்கொள்ள வேண்டும். விழிஞ்ஞம் துறைமுகம் 2025 மே 2-ஆம் நாள் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டுள்ள நிலையில், இவ்வட்டாரத்துக்கு அந்தக் காலம் இப்போதே தொடங்கிவிட்டது எனலாம்.

இரண்டாம் சிக்கல்: மூன்று மாத வரவு, பன்னிரண்டு மாதத் தவணை

தென்கேரளக் கடலோரத்தில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை விருந்தினர் மிகுதி. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் அறைகள் பெரும்பாலும் காலியாகவே இருக்கும். கடன் தவணையோ மழையென்றும் வெயிலென்றும் பார்ப்பதில்லை. இதனை ஒரு மாதிரிக் கணக்கால் விளக்குவோம். இதிலுள்ள தொகைகள் புரிதலுக்காக நாம் எடுத்துக்கொண்டவை. வாசகர் தம் தொகைகளை இட்டுப் பார்க்கலாம்.

இரண்டு அறைகள் கட்ட 5,00,000 ரூபாய் கடன், ஆண்டு வட்டி 11 விழுக்காடு, 5 ஆண்டுத் தவணை என்று கொள்வோம். மாதத் தவணை ஏறத்தாழ 10,870 ரூபாய். ஆண்டுக்கு 1,30,440 ரூபாய். ஓர் அறையின் ஒருநாள் வாடகை 1,500 ரூபாய். உணவு, மின்சாரம், சலவை ஆகியவற்றுக்கு 600 ரூபாய் செலவு. கையில் நிற்பது 900 ரூபாய். ஆண்டில் 145 அறைநாள்கள் நிரம்பினால் தவணை கட்டிவிடலாம். இரண்டு அறைக்கு ஆண்டில் 730 அறைநாள்கள் உள்ளனவே, அதில் 145 எளிதன்றோ என்று தோன்றும். கடன் கேட்டு வருவோர் பெரும்பாலும் இந்த இடத்தில் கணக்கை நிறுத்திவிடுகின்றனர்.

கணக்கை இன்னும் இரண்டு படி தொடர்வோம். முன்பதிவுத் தரகு 20 விழுக்காடு, அதாவது 300 ரூபாய் போனால் மிச்சம் 600 ரூபாயாகக் குறைகிறது. உப்புக்காற்றில் பழுதாகும் கதவு, குழாய், வண்ணப்பூச்சு ஆகியவற்றின் பராமரிப்புக்கு மாதம் 3,000 ரூபாய் வைத்தால் ஆண்டுக்கு 36,000 ரூபாய் கூடுகிறது. இப்போது தேவைப்படுவது 278 அறைநாள்கள். பருவகாலத்தின் 90 நாள்களிலும் இரண்டு அறைகளும் ஒருநாள்கூடக் காலியின்றி நிரம்பினாலும் கிடைப்பது 180 அறைநாள்களே. எஞ்சிய 98-ஐ மழைக்காலத்தில் எங்கே தேடுவது?

இதே வீட்டில் புதிதாகக் கட்டாமல், இருக்கின்ற அறைகளையே செப்பனிட 3,00,000 ரூபாய் மட்டும் கடன் வாங்கியதாகவும், விருந்தினர் தரகின்றி நேரடியாக வருவதாகவும் கொள்வோம். அதே பராமரிப்புச் செலவைச் சேர்த்தாலும் 127 அறைநாள்கள் போதும். பருவகாலத்திலேயே பெரும்பகுதி ஈடாகிவிடும். கடனைக் குறைத்ததும் தரகைத் தவிர்த்ததுமே இந்த வேறுபாட்டுக்குக் காரணங்கள். விருந்தினர் எண்ணிக்கையைக் கூட்டியதன்று.

வழக்கமான பருவத்துக்கு அப்பால் எதிர்பாராத இடர்களும் உண்டு. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் இக்கடலோரத்தின் மீனவக் குடும்பங்களை நிலைகுலையச் செய்தது. 2018-இல் வெள்ளம் கேரளம் முழுவதையும் பாதித்தது. 2020-இல் கொரோனா பெருந்தொற்று விருந்தினர் வரவையே நிறுத்தியது. அப்போது ரிசர்வ் வங்கி மார்ச் முதல் ஆகஸ்டு வரை 6 மாதத் தவணை ஒத்திவைப்புக்கு வழிவகுத்தது உண்மை. ஆயினும் ஒத்திவைப்பு தள்ளுபடியன்று. அம்மாதங்களுக்கும் வட்டி ஏறியது. தோட்டத்தையும் தறியையும் கைவிட்டுச் சுற்றுலாவை மட்டுமே நம்பியவருக்கு மற்றொரு வருவாய் இல்லாமற் போனது. உழவோ மீன்பிடியோ நெசவோ முதல் வருவாயாகவும், சுற்றுலா துணை வருவாயாகவும் இருப்பதே கிராமத்துக்கு ஏற்றது.

மூன்றாம் சிக்கல்: ஊரின் தாங்குதிறன்

பூவாற்றின் பொழிமுகம் ஆண்டு முழுவதும் திறந்திருப்பதில்லை. மழைக்காலத்தில் ஆற்றுநீர் மணல்திட்டை உடைத்துக்கொண்டு கடலில் சேரும்; வறண்ட மாதங்களில் அலைகள் மணலைக் குவித்து வாயை அடைத்துவிடும். அடைபட்ட காலத்தில் நீர் வெளியேறாது; அதில் கொட்டப்படும் கழிவும் வெளியேறாது. விருந்தினர் மிகுதியாக வருவதும் இந்த வறண்ட மாதங்களில்தான். கழிவு கூடுகின்ற காலமும், நீர் தன்னைத் தூய்மைப்படுத்திக்கொள்ள இயலாத காலமும் ஒன்றாக அமைந்துவிடுகின்றன.

எந்திரப் படகுகள் விரைந்து செல்லும்போது எழும் அலை, கரைமண்ணை அரிக்கிறது. கண்டலின் இளங்கன்றுகள் வேர்பிடிக்க இயலாது. கரையைக் காப்பதும் மீன்குஞ்சுகளுக்குப் புகலிடம் தருவதும் அந்தக் கண்டலே. பயணி காண வருவதும் அதைத்தான். எனவே கண்டலை இழப்பது முதலை எடுத்துச் செலவிடுவதற்கு ஒப்பாகும். வைப்புத்தொகையின் வட்டியில் வாழ்பவர், முதலில் கைவைத்தால் என்னவாகும் என்பது நம் வாடிக்கையாளருக்குச் சொல்லாமலே விளங்கும்.

தாங்குதிறன் என்பது இயற்கைக்கு மட்டுமன்று, படகுக்கும் உண்டு. 2009 செப்டம்பர் 30-ஆம் நாள் தேக்கடியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தனர். 2023 மே 7-ஆம் நாள் தானூரில் மற்றொரு படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தனர். அவர்களுள் குழந்தைகள் பலர். தானூர்ப் படகில் அளவுக்கு மீறி ஆட்கள் ஏற்றப்பட்டிருந்தனர். "இன்னும் இரண்டு பேர்தானே" என்று ஏற்றுகின்ற அந்த இருவரின் கட்டணத்துக்காகத் தொழிலையும் உயிர்களையும் பணயம் வைக்கலாகாது. பதிவு, தகுதிச்சான்று, உயிர்காப்பு மேலங்கி, காப்பீடு ஆகியவை இல்லாத படகுக்குக் கடன் தருவது வங்கிக்கும் தகாது, வாங்குவது வாடிக்கையாளருக்கும் தகாது.

குப்பையைப் பொறுத்தவரை கேரள ஊர்களில் வீடுதோறும் சென்று கழிவைச் சேகரிக்கும் ஹரித கர்ம சேனையின் மகளிர் பணி போற்றத்தக்கது. விருந்தினரை ஏற்கும் வீடுகள் சாதாரண வீட்டைவிட மிகுதியாகக் கழிவு தருபவை. அதற்கேற்ற கட்டணத்தை முன்வந்து செலுத்துவது பொறுப்புச் சுற்றுலாவின் முதற்படி.

நான்காம் சிக்கல்: நிலமும் சட்டமும்

நீர்க்கரையில் கட்டினால் வாடகை கூடும் என்பது உண்மை. ஆனால் 1991-ஆம் ஆண்டு முதல் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள் நடைமுறையில் உள்ளன. இப்போது 2019-ஆம் ஆண்டு அறிவிக்கை அவற்றை வகுத்துரைக்கிறது. ஓதநீர் ஏறியிறங்கும் ஆற்றங்கரைக்கும் காயற்கரைக்கும் இவை பொருந்தும். கடலிலிருந்து சற்று உள்ளே இருக்கிறோம் என்பதனால் மட்டும் விலக்குக் கிடைத்துவிடாது.

கொச்சியை அடுத்த மரடு நகராட்சியில் இவ்விதிகளை மீறிக் கட்டப்பட்ட 4 அடுக்குமாடிக் குடியிருப்புகள், உச்ச நீதிமன்ற ஆணைப்படி 2020 ஜனவரி 11, 12 ஆகிய இரு நாள்களில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. கட்டடம் நொடிகளில் இடிந்துவிடும். அதன்மேல் வாங்கிய கடன் இடிவதில்லை. ஆகவே பத்திரமும் வரைபடமும் மட்டும் போதா. தம் நிலம் எந்த மண்டலத்தில் உள்ளது என்பதை ஊராட்சியிலும் உரிய ஆணையத்திலும் எழுத்து வடிவில் கேட்டுப் பெற்றபின்னரே அடித்தளம் தோண்ட வேண்டும்.

கடன் கேட்குமுன்

கிராமச் சுற்றுலாவுக்கு நிதிவழிகள் குறைவல்ல. 2015-இல் தொடங்கிய முத்ரா திட்டத்தில் ஈட்டுறுதியின்றிச் சிறு தொழிற்கடன் கிடைக்கிறது. 2025-26 மத்திய நிதிநிலை அறிக்கை, ஹோம்ஸ்டே எனப்படும் வீட்டு விடுதிகளுக்கும் முத்ரா கடன் வழங்கப்படும் என்று அறிவித்துள்ளது. 1992-இல் நபார்டு தொடங்கிய சுய உதவிக் குழு, வங்கி இணைப்புத் திட்டத்தின் வழியே மகளிர் குழுக்கள் கடன் பெறலாம். படகோட்டியும் உதவியாளரும் ஆண்டுக்கு 20 ரூபாய் செலுத்தி, பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில் 2 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு பெறலாம்.

கடன் கிடைக்கிறது என்பது கடன் வாங்கக் காரணமாகாது. கிளைக்கு வருமுன் ஐந்து வினாக்களுக்கு வீட்டிலமர்ந்து விடை எழுதுங்கள்.

1. புதிதாகக் கட்டாமல், இருக்கும் வீட்டையும் தோட்டத்தையும் கொண்டு முதல் ஆண்டை நடத்த இயலுமா?

2. விருந்தினர் தரும் 100 ரூபாயில் எத்தனை ரூபாய் நம் ஊரார் கைக்குச் செல்லும்?

3. ஆறு மாதம் ஒருவரும் வராவிட்டால், தவணையை எந்த வருவாயிலிருந்து கட்டுவோம்?

4. கழிவுநீரும் குப்பையும் எங்கே செல்லும்?

5. நிலம், படகு, உணவு ஆகியவற்றுக்கான அனுமதிகள் யாவும் எழுத்தில் உள்ளனவா?

வங்கியாளராகிய நமக்கும் கற்க வேண்டிய பாடம் உண்டு. பல வேளைகளில் நாம் கட்டடத்தைப் பார்த்துக் கடன் தருகிறோம், பருவத்தைப் பார்ப்பதில்லை. பயிர்க்கடனுக்கு அறுவடையை ஒட்டித் தவணை வகுக்கும் முறை நமக்குப் புதிதன்று. சுற்றுலாக் கடனுக்கும் பருவமாதங்களில் கூடுதலாகவும், மழைமாதங்களில் குறைவாகவும் தவணை அமைய வேண்டுமென வாடிக்கையாளர் விண்ணப்பத்தின்போதே கேட்க வேண்டும். கிளைகளும் அதனைக் கருத்தோடு ஆராய வேண்டும். தவணை தவறியபின் கேட்பதைவிடத் தொடக்கத்திலேயே கேட்பது இருவருக்கும் நன்று.

தனியொருவர் செய்ய இயலாதவையும் உண்டு. காய்கறி விலைக்குழு, படகுகளின் எண்ணிக்கைக்கும் விரைவுக்கும் வரம்பு, பொதுக் கழிப்பறை, வழிகாட்டும் பலகை ஆகியவற்றை ஊராட்சியே முன்னின்று செய்ய வேண்டும். தமிழும் மலையாளமும் ஒருங்கே பேசும் எல்லைப்புற இளைஞர், வழிகாட்டிகளாக அமைய மிகவும் பொருத்தமானவர். அருவிப்புறத்தின் வரலாற்றையும் பாலராமபுரத்துத் தறியின் நுட்பத்தையும் பத்மநாபபுரத்தின் மரவேலைப்பாட்டையும் இருமொழியிலும் விளக்கவல்ல ஒருவருக்குப் பெருமுதல் எதுவும் தேவையில்லை. பயிற்சியே அவர் முதல்.

காஞ்சிரம் என்பது எட்டி மரத்தின் பழம்பெயர். ஊர் நடுவே எட்டி பழுத்துக் குலுங்கினாலும் பசித்தவர் எவருக்கும் உதவாது என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. கடற்கரை முழுதும் விடுதிகள் எழுந்து, ஊரார் வேலிக்கு வெளியே நின்று பார்க்கும் சுற்றுலா அத்தகைய பழமே. அம்மரத்தின் பெயரைத் தாங்கிய குளத்தூரில் அவ்வாறு நிகழாதிருக்க, முதல் அறைக்குக் கல் எடுக்குமுன் ஒரு தாளையும் எழுதுகோலையும் எடுப்போம். அந்தத் தாளோடு கிளைக்கு வாருங்கள். கணக்கைச் சேர்ந்தே பார்ப்போம். அது "இப்போது வேண்டாம்" என்று சொன்னால் அதையும் மனமார ஏற்போம். வாங்காத கடனும் ஒருவகைச் சேமிப்பே.